கவுன்சிலர் சொன்னது, சொன்னபடியே

ஆகஸ்ட் மாத விடுமுறையில் எங்கள் இத்தாலிய ஊர் ரிவாலெந்தாவில் சாவதற்குக்கூட ஆள் இருக்காது என்பார்கள். சவப்பெட்டிக் கடைக்காரனே கதவில் பூட்டைத் தொங்கவிட்டுக் கடற்கரைக்குப் போயிருப்பான். நகராட்சிக்கு இது நன்றாகத் தெரியும். ஊரார் முகத்தைப் பார்த்துச் செய்ய முடியாத காரியம் எதுவானாலும் ஆகஸ்டுக்கு ஒத்திவைத்துவிடுவார்கள். சந்தைத் திடலில் நின்ற மரங்களை வெட்டியது ஆகஸ்டில். ஏழாம் எண் பஸ்ஸை நிறுத்தியது ஆகஸ்டில். தோள் கறுத்து, செருப்பில் மணலோடு ஜனங்கள் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து, இனிமேல் கத்தி என்ன பிரயோசனம் என்கிற நிலையில் இருக்கும்.

ஆகவே மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வந்த கடிதத்தில் ‘ஆகஸ்ட் இரண்டாம் வாரம்’ என்ற சொற்கள் கண்ணில் பட்டதுமே தில்வாவுக்கு மீதியைப் படிக்காமலே விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் படித்தாள். முள்ளெலி மழலையர் பள்ளி செப்டம்பர் முதல் இயங்காது. பிள்ளைகள் இருபத்தாறு பேரும் நெடுஞ்சாலை ஓரத்துப் புதிய வளாகத்துக்கு மாற்றப்படுவார்கள். பெற்றோருக்கு ஆகஸ்ட் இரண்டாம் வாரம் தெரிவிக்கப்படும். அதுவரை ஊழியர்கள் இதை வெளியிடக் கூடாது, மீறினால் நடவடிக்கை. கீழே கல்வித் துறைக்குப் பொறுப்பான கவுன்சிலர் ஃபௌஸ்தோ மலகோலியின் கையெழுத்து, வாலை நீட்டிக்கொண்டு கிடந்தது.

தில்வா முப்பத்தொரு வருடமாக அங்கே ஆசிரியை. மலகோலியும் அவளும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பத்து வயதில் அவளுடைய சைக்கிளை இரவல் வாங்கிப்போய் வாய்க்காலில் விட்டவன் அவன். விட்டதோடு நிற்காமல், யாரோ திருடிக்கொண்டு போய்விட்டதாக மூன்று நாள் சாதித்தவன். இப்போது டை கட்டிக்கொண்டு கவுன்சிலராகிவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள். முள்ளெலியில் சமையலறைதான் நடுவீடு. அதன் சுவர் கண்ணாடி. பிள்ளைகள் வகுப்பில் இருந்தபடியே அடுப்பைப் பார்க்கலாம். தினமும் காலையில் இரண்டு பேர் தலைகளை எண்ணிக்கொண்டு வந்து, இன்றைக்கு எத்தனை தட்டு என்று சமையற்காரியிடம் சொல்ல வேண்டும். சமையற்காரி ஒர்னெல்லாவுக்கு அறுபது வயதுக்கு மேல். தொர்தெல்லி என்கிற, பூரணம் வைத்த கொழுக்கட்டைக்காக மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாராவது செத்துட்டாங்களா?”

“நாமதான். செப்டம்பர்ல.”

ஒர்னெல்லா மாவுக் கையோடு கடிதத்தை வாங்கிப் படித்தாள். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான் பாரு! அந்த வளாகத்துல அடுப்பே கிடையாது, தெரியுமா உனக்கு? சாப்பாடு பெட்டியில வருமாம். பெட்டியிலடி! மூணு வயசுப் பிள்ளைக்கு மூடி போட்ட பெட்டியில!”

“அடுப்பு இருக்கட்டும் அக்கா. நம்மளையும் வெளியில சொல்லக் கூடாதுங்கறான். நம்ம ஃபியாம்மாவோட அப்பா வைனெர் நேத்துதான் வந்து பையனுக்கு இடம் எழுதிட்டுப் போனான். நான் சிரிச்சிக்கிட்டே எழுதிக்கிட்டேன். இனிமே அவன் முகத்தை எப்படிப் பாக்கறது?”

“ஃபௌஸ்தோவுக்குப் போன் பண்ணு. நேர்ல கேளு.”

பண்ணினாள். “வியாழக்கிழமை விருந்தாளிகளோட வரேனே தில்வா, அப்ப பேசிக்கலாம்” என்றான் அவன், வெண்ணெய் தடவிய குரலில். “ஆனா அவங்க முன்னாடி இந்தப் பேச்சு வேண்டாம், சரியா? நீ புத்திசாலி.” புத்திசாலி என்று யாராவது தன்னைச் சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம் என்பது தில்வாவுக்கு ஐம்பத்து நாலு வயதில் தெரியாதா? போனை வைத்த பிறகும் காது சுட்டது.

ரிவாலெந்தாவுக்குச் சுற்றுலா ஜனம் வருவதில்லை. எங்கள் கோபுரம் சாயாமல் நேராக நிற்கிறது. அதைப் படம் எடுக்க யார் வரப்போகிறார்கள்? மாந்துவாவுக்கும் மோதெனாவுக்கும் நடுவே ரயிலில் போகிறவர்கள் தூங்கியபடியே எங்களைக் கடந்துவிடுவார்கள். ஆனால் உலகத்தின் ஆசிரியர்கள் மட்டும் வருவார்கள். சுவீடனிலிருந்து, பிரேசிலிலிருந்து, ஜப்பானிலிருந்து, குறிப்பேடும் காமிராவுமாக வந்து எங்கள் மழலையர் பள்ளிகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வியாழக்கிழமை வந்தவர்கள் கொரியாக்காரர்கள், பதினான்கு பேர். மொழிபெயர்க்க ஒரு பெண்ணும் கூட வந்தாள்.

அவர்கள் பார்க்க வருவது முக்கியமாக ஒரு வழக்கத்தை. முள்ளெலியில் காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பேசுவதை ஆசிரியை பென்சிலால் எழுதிக்கொள்வாள். திருத்தக் கூடாது. அழகுபடுத்தக் கூடாது. சொன்னது சொன்னபடியே இருக்க வேண்டும். முடிந்ததும் சொன்னவர்கள் கீழே கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் தங்கள் அடையாளத்தை வரைவார்கள். மாலை நாலு மணிக்குப் பெற்றோர் வருவதற்குள் அந்தத் தாள் வாசல் சுவரில் ஏறிவிடும். அதன் கீழே விளக்கம், கருத்து, ஒன்றும் கிடையாது.

வட்டத்தில் வந்து உட்காருகிற பெரியவர்களுக்கும் இதுதான் சட்டம். தபால்காரன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், குழாய் ரிப்பேர்க்காரன் போட்டிருக்கிறான். ஒருமுறை மறைமாவட்ட ஆயர் வந்து, கடவுள் எல்லா இடத்திலும் இருக்கிறார் என்றார். கழிப்பறையிலுமா என்று ஒரு பையன் கேட்டான். ஆயர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார். அது நாலு நாள் வாசலில் தொங்கியது, ஆயர் கையெழுத்தோடு.

மலகோலி இந்த வழக்கத்தைப் பற்றி மேடைகளில் உருக்கமாகப் பேசுவான். ஆனால் ஒருநாளும் வட்டத்தில் உட்கார்ந்ததில்லை. விருந்தாளிகளை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, அவசர வேலை இருப்பதாகக் கிளம்பிவிடுவான். அன்றைக்கு மட்டும் பதினான்கு காமிராக்களைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. கால்சட்டையை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் தாடையை இடித்தது. கொரியாக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

அவனுக்கு நேர் எதிரே ஃபியாம்மா உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது, முன்பல் இரண்டும் இல்லை. பாலாடைக்கட்டி ஆலையில் வேலை செய்கிற வைனெரின் மகள்.

“நீ யாரு?” என்று கேட்டாள்.

“நான்தான் இந்த ஊர்ல எல்லாப் பள்ளிக்கூடத்தையும் பாத்துக்கறவன்.”

“எங்க பள்ளிக்கூடத்தையுமா? உன்னை நான் பாத்ததே இல்லையே.”

ஒர்னெல்லா கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். மொழிபெயர்ப்பவள் சொன்னதும் விருந்தாளிகள் சிரித்தார்கள். மலகோலியும் சிரித்தான்.

“என் தம்பி நீலோ செப்டம்பர்ல இங்க வரப்போறான். அவன் இன்னும் சின்னவன், அழுவான். நீ வருவியா?”

தில்வாவின் பென்சில் தாளின் மேல் நின்றது. இப்போதாவது உண்மையைச் சொல்லேன், அல்லது பேச்சையாவது மாற்றேன் என்று மனதுக்குள் அவனிடம் கெஞ்சினாள். தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடப் போதும்.

“வராம இருப்பேனா!” என்றான் மலகோலி, கைகளை விரித்து. “செப்டம்பர்ல கண்டிப்பா வருவேன். உன் தம்பி பக்கத்துல உக்காந்து தொர்தெல்லி சாப்பிடுவேன்!”

“இதே அறையிலயா?” என்று தில்வா கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “இந்தப் பள்ளிக்கூடத்துலயா?”

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பதினான்கு காமிராவும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. “இதே அறையில. இதே நாற்காலியில” என்றான். நுணலும் தன் வாயால் கெடும்.

தில்வா எழுதினாள். முடிந்ததும் தாளை அவன்முன் நீட்டினாள். படித்துக்கூடப் பார்க்காமல், ரசிகர்களுக்குப் போடுகிற மாதிரி, வாலை நீட்டிக் கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் ஃபியாம்மா தன் பெயரை எழுதினாள், இரண்டு எழுத்தைத் தலைகீழாக. விருந்தாளிகள் அதையும் படம் எடுத்தார்கள். அவர்களின் தலைவி, நரைத்த முடிக்காரி, பெரியவர்களிடமும் ஏன் கையெழுத்து வாங்குகிறீர்கள் என்று கேட்டாள்.

“பெரியவங்கதான் சொன்னதை மறந்துடுவாங்க” என்றாள் தில்வா.

சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் கிளம்பினார்கள். பேசிக்கலாம் என்று சொன்ன மலகோலி பேசாமலே அவர்களோடு காரில் ஏறிப் போய்விட்டான். பிள்ளைகள் தூங்கினார்கள். தில்வா வாசல் சுவரில் அந்தத் தாளைக் குத்தினாள். பிறகு பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள்.

ஒர்னெல்லா கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள். “அதை எங்கடி வைக்கப்போற?”

“பக்கத்துல.”

“வேலை போயிடும். அதுலயே எழுதியிருக்கான்.”

“தெரியும்.”

“தொழிற்சங்கத்துக்குப் போவோம். வக்கீலைப் பாப்போம். ரெண்டு நாள் பொறு.”

“அக்கா, ஆயரே சொன்னதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு. தபால்காரன் போட்டான். இவன் பிள்ளையோட கண்ணைப் பாத்துப் பொய் சொல்லிட்டுச் சிரிச்சான். அதை மட்டும் தொங்கவிட்டா நானும் அவனோட சேந்து பொய் சொன்ன மாதிரி. ஒண்ணு ரெண்டையும் மாட்டணும், இல்ல இந்தச் சுவரையே இடிக்கணும்.”

ஒர்னெல்லா உள்ளே போய் இன்னும் நாலு குத்தூசி எடுத்துவந்து கொடுத்தாள். கடிதம் தாளுக்குப் பக்கத்தில் ஏறியது. வழக்கப்படி கீழே விளக்கம் எதுவும் எழுதவில்லை.

நாலு மணிக்கு முதலில் வந்தவர் ஒரு தாத்தா, கண்ணாடியைக் கொண்டுவராதவர். அவர் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்த ஒரு தாய் இரண்டையும் படித்தாள். மறுபடி படித்தாள். வாசற்படியிலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கணவனுக்குப் போன் செய்தாள். அதற்குப் பிறகு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போனவர்களும் திரும்பி வந்தார்கள். வைனெர் ஆலையிலிருந்து வெள்ளை ஏப்ரனோடு, சின்னவன் நீலோவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். படித்து முடித்துத் தில்வாவைப் பார்த்தான்.

“திங்கட்கிழமை நான் வந்தப்போ உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. செவ்வாய்க்கிழமை தெரிஞ்சுது. ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அதுக்கு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நாலரைக்கு மலகோலியின் கார் சைக்கிள்களுக்கு நடுவே வந்து நின்றது. முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது.

“தில்வா, அதைக் கழட்டு.”

தில்வா பென்சிலையும் தாளையும் எடுத்தாள். எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னாள். “நாலரை மணி. ‘தில்வா, அதைக் கழட்டு.’”

“என்ன பண்ற நீ?”

“‘என்ன பண்ற நீ?’”

“விளையாடறியா? இது அலுவலக ரகசியம். உன் வேலைக்கே ஆபத்து, தெரியுமா?”

“மெதுவா, ஃபௌஸ்தோ. உன் வாய் வேகத்துக்கு என் கை வராது. ‘உன் வேலைக்கே ஆபத்து.’ ம், அப்புறம்?”

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவனைக் கெடுத்தது. எட்டிக் கையை நீட்டித் தன் கையெழுத்திருந்த தாளைப் பிடித்து இழுத்தான். அது குறுக்கே கிழிந்தது.

“அது உன்னோடது மட்டும் இல்ல” என்றாள் ஃபியாம்மா. எல்லோருடைய கால்களுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தாள். “அதுல என் பேரும் இருக்கு. நீ என் பேரைக் கிழிச்சிட்ட.”

சிரிப்பு அடங்கிவிட்டது. மலகோலி கையிலிருந்த பாதித் தாளைப் பார்த்தான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடித்தான், பிரித்தான். “இதோ பாருங்க” என்றான் பெற்றோர் பக்கம் திரும்பி. “ஒரு குழந்தை கேட்டுச்சு, நான் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். பிள்ளைங்ககிட்டச் சொல்றதையெல்லாம் யாராவது பெருசா எடுத்துப்பாங்களா?”

தில்வா அதையும் எழுத ஆரம்பித்தாள். பாதியில் கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவள் மறைக்கவில்லை.

“நான் எடுத்துக்கிட்டிருக்கேன். முப்பத்தொரு வருஷமா அதுதான் என் வேலை. உன் மகளும் இங்கதான் படிச்சா, ஃபௌஸ்தோ. அவ சொன்னதையும் ஒரு எழுத்து விடாம எழுதி உனக்குக் குடுத்தேன். அன்னிக்கு நீ அதைப் படிச்சிட்டு இந்த வாசல்லயே நின்னு அழுத. அது பெருசு, இது சும்மாவா?”

மலகோலி வாயைத் திறந்தான். பென்சில் தாளுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டான். மறுபடி திறந்தான். பென்சில் இறங்கியது. மறுபடி மூடிக்கொண்டான். மேடை ஏறினால் முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவன், ஒரு பென்சில் முனைக்கு முன்னால் ஒரு சொல் கிடைக்காமல் நின்றான்.

வைனெர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினான். அவன் குரலை உயர்த்தவே இல்லை. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் கவுன்சிலர். செப்டம்பர்ல என் பையன் எங்க சாப்பிடுவான்?”

“அது... இன்னும் முழுசா முடிவாகலை. மன்றத்துக்கே இன்னும் போகலை.”

“‘இன்னும் முடிவாகலை’” என்று எழுதினாள் தில்வா. “கடிதத்துல முடிவாயிடுச்சுன்னு இருக்கு. ரெண்டுல எதை மாட்டட்டும்?”

நாற்பது பேர் நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அமைதியாகப் பேச முடியாதவர்களோடு பேச முடியாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருப்பான்.

“திறக்கும்” என்றான் கடைசியில், தரையைப் பார்த்து.

“எது?”

“முள்ளெலி. செப்டம்பர்ல திறக்கும்.”

“எந்த வருஷம்னு சேத்துச் சொல்லு. உன்னை எனக்குப் பத்து வயசுலேந்து தெரியும்.”

வருடத்தையும் சொன்னான். கையிலிருந்த பாதித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான். கையெழுத்தில் வால் இல்லை.

அதோடு பெற்றோர் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. அடுத்த வாரம் நகரமன்றம் கூடியபோது நாற்பது பேரும் முள்ளெலியின் சின்ன நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய், முழங்கால் தாடையில் இடிக்க, முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கிழிந்த தாள் ஒட்டப்பட்டு, இரண்டு தாள்களும் கடிதத்தோடு கைக்குக் கை போயின. அந்த வருடத்துக்குத் திட்டம் கைவிடப்பட்டது. மறு வருடம் மறுபடி எடுப்பார்கள். அதற்கென்ன, நாற்காலிகள் இருக்கின்றன.

ஜூன் தொடக்கத்தில் தில்வாவுக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. ரகசிய ஆவணத்தைப் பகிரங்கப்படுத்திய குற்றத்துக்காகப் வரும் திங்கட்கிழமை முதல் பத்து நாள் தற்காலிக நீக்கம். அடுத்த மாதம் விசாரணை. வருத்தம் தெரிவித்தால் அத்தோடு விடப்படும், இல்லையென்றால் மேல் நடவடிக்கை. மறுநாள் காலை அவள் அதை வட்டத்துக்கு எடுத்துவந்து பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். இரண்டாவது ஆசிரியை பிரசவ விடுப்பில் இருந்ததால், ஒர்னெல்லா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

“நீ நெஜமாவே தப்பு பண்ணியா?” என்று கேட்டாள் ஃபியாம்மா.

“காட்டக் கூடாதுன்னு சொன்ன கடிதத்தைக் காட்டினேன்.”

“சாரி சொன்னியா?”

“இல்ல.”

“திரும்பவும் பண்ணுவியா?”

ஒர்னெல்லா தலையைத் தூக்கினாள். “அடியே, யோசிச்சுச் சொல்லு. விசாரணை பாக்கி இருக்கு. இந்தத் தாளையே எடுத்துட்டுப் போய் உன் முகத்துக்கு நேரா நீட்டுவாங்க.”

“நீட்டட்டும். என் பதிலை அனுப்பற தபால் செலவு மிச்சம்” என்றாள் தில்வா. பிறகு ஃபியாம்மாவைப் பார்த்து, “பண்ணுவேன்” என்றாள். “எழுதுங்க அக்கா. கொட்டை எழுத்துல எழுதுங்க, அந்தத் தாத்தா கண்ணாடி இல்லாமப் படிக்கட்டும்.”

ஒர்னெல்லா எழுதினாள். தில்வா கீழே கையெழுத்துப் போட்டாள். கேட்டவள் பெயரும் வேண்டுமே என்று பென்சிலை ஃபியாம்மாவிடம் கொடுத்தாள்.